வளையம் போட்ட பெட்டி

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் சோதனை அறைக்கு வந்த பெட்டியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அண்ணனுடையது. மூலையில் நீல டேப்பைக் குறுக்கே ஒட்டி நுனியை மடித்துவிடும் பழக்கம் அவனுக்கு மட்டும்தான். யாருடைய சாமான் என்று தெரியக் கூடாது என்பதால் கம்பெனிப் பெயரை நீக்கி வெறும் எண்ணோடு எங்களுக்கு அனுப்புகிறார்கள். டேப்பை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

சொந்த அண்ணன் சாமானை நான் சோதிக்கக் கூடாது என்று தலைமைப் பொறியாளரிடம் போய்ச் சொன்னேன். வேலை, நாங்கள் 'அளவுகோல்' என்று கூப்பிடும் சக பொறியாளர் கைக்கு மாறியது. 'கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க' என்றால், கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்கிற மனுஷன்.

பிப்ரவரி 6, வியாழன்

ஃபெயில்.

அது வைஃபை பெட்டி. ஓடும்போது சார்ஜர் ஒயர் வழியாக ரேடியோ இரைச்சல் கசிகிறது. பக்கத்தில் இருக்கும் மற்ற கருவிகளைக் குழப்பும். அரசுச் சான்றிதழ் இல்லாமல் ஒன்றைக்கூட விற்க முடியாது. சரக்கு முழுவதும் துறைமுகத்தில் கிடக்கிறது. இருந்த கடையை மூடிவிட்டு இதில் இறங்கியவன் அவன்.

"நீ அங்க இருந்தும் ஃபெயிலா? இதுக்குத்தான் உன்னப் படிக்க வச்சேனா?" என்றான் அண்ணன்.

அப்பா போன பிறகு அவன்தான் படிக்க வைத்தான். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிவிட்டான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கீழே அவர்கள், மாடியில் அம்மாவும் நானும். அண்ணி மாடிப்படியில் நின்று அம்மாவிடம் சொன்னாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றே: "ஊரான் வீட்டுப் பொண்ணு இருந்திருந்தாக்கூட உதவியிருக்கும்."

அம்மாவுக்குக் காது மிஷின் போட்டும் பாதிதான் விழும். இது மட்டும் முழுதாக விழுந்தது. "நீயும் அவனும் நகமும் சதையுமா இருந்தீங்களேடி," என்று அழுதாள்.

நான் என்ன செய்ய? மீட்டர் முள்ளை நானா மேலே ஏற்றினேன்?

பிப்ரவரி 11, செவ்வாய்

செய்யக் கூடாததைச் செய்தேன். சோதிக்கிறவர்கள் வைத்தியம் சொல்லக் கூடாது, லேபின் முதல் விதி. சொன்னேன். லேப்டாப் சார்ஜர் ஒயரில் கொட்டையை விழுங்கினதுபோலப் புடைத்துக்கொண்டு ஒரு கருப்பு வளையம் இருக்குமே, அதில் ஒன்றைக் கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்தேன். "இத ஒயர்ல மாட்டினா இரைச்சல் அடங்கிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் போடணும்ண்ணே."

"இவ்ளோதானா!" என்று என் தலையைப் பிடித்து ஆட்டினான், சின்ன வயதில் செய்கிற மாதிரியே. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிப்ரவரி 28, வெள்ளி

பாஸ். அளவுகோலே அளந்து சொன்னது.

மார்ச் 1, சனி

அண்ணி பேசிவிட்டாள். சிரித்துக்கொண்டே பேசினாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கடைகளில் பெட்டி வந்துவிட்டது. மாடிக்கு ஒன்று அண்ணனே கொண்டுவந்து அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டினான். அடியில் சான்றிதழ் முத்திரை பளபளக்கிறது. அம்மா அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

ஏப்ரல் 16, புதன்

அம்மா காது மிஷினைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள். கேட்டால், "காதுக்குள்ள வண்டு கத்துற மாதிரி இருக்கு. கட்டில்ல படுத்தாப் போதும், தாங்கல" என்கிறாள்.

கட்டிலை நகர்த்திப் பின்னால் பார்த்தேன். ஒயர் வழவழவென்று இருக்கிறது. வளையம் இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

அண்ணனிடம் கேட்டேன்.

"சாம்பிள்ல போட்டாச்சுல்ல? பாஸ் ஆயிடுச்சுல்ல? அப்புறம் என்ன?"

"எல்லாப் பெட்டிக்கும் போடணும்னு சொன்னேனே."

"வந்த சரக்கெல்லாம் பிரிச்சுப் பிரிச்சு மாட்டிட்டு உக்காரச் சொல்றியா? வழி சொன்னதே நீதான். இப்ப உத்தமி வேஷமா?"

மருந்து என்று நினைத்துக் கொடுத்தேன். அவன் அதைப் பரீட்சைக்குப் போட்டுக்கொண்டு போன இரவல் சட்டையாக்கிவிட்டான். உள்ளே அதே அழுக்கு.

பெட்டியை அணைக்கப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டி. அவன் ஆசையா மாட்டினான். எனக்கு இனிமே என்ன கேக்கணும்?"

பெற்ற பிள்ளை மனம் நோகக் கூடாது என்று இருக்கிற காதையும் மூடிக்கொள்கிறாள். எனக்கு எரிகிறது. எத்தனை வீட்டில் எந்தெந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இது மாட்டியிருக்கிறதோ. அங்கெல்லாம் கழற்றி வைத்தவர்கள் மிஷின்தான் பழுது என்று நினைத்திருப்பார்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சான்றிதழ் கொடுக்கிற அரசுத் துறைக்கு எழுதி அனுப்பிவிட்டேன். என் பெயர் போட்டு. வளையம் கொடுத்தது நான் என்பதையும் எழுதினேன். மொட்டைக் கடுதாசி போடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவனை மட்டும் மாட்டிவிட்டு நான் நழுவுவதா? சீ.

மே 15, வியாழன்

கடையிலிருந்து நேராக எடுத்த பெட்டியைச் சோதித்தார்கள். அளவுகோல் வெளியே வந்து எனக்கு ஒரு டீ வாங்கித் தந்தது. அந்த மனுஷன் யாருக்கும் டீ வாங்கித் தந்து நான் பார்த்ததில்லை.

சான்றிதழ் ரத்து. விற்றதையெல்லாம் திரும்ப வாங்க உத்தரவு. என்னைச் சோதனை அறையிலிருந்து எடுத்து, வருகிற பார்சலுக்கு எண் ஒட்டும் மேஜையில் போட்டிருக்கிறார்கள். விதியை மீறினேன், சரிதான். நீல டேப் கண்ணில் பட்டால் கிழித்துவிட்டு வெள்ளை ஒட்டுகிறேன்.

மே 18, ஞாயிறு

அண்ணன் மாடிக்கு வந்தான். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் கட்டிலுக்குப் பின்னால் கையைவிட்டுப் பெட்டியைப் பிடுங்கினான். சுவரில் காரை பெயர்ந்து விழுந்தது. படியிறங்கும்போது மட்டும் சொன்னான்: "எனக்குத் தங்கச்சி இல்ல."

ஜூன் 8, ஞாயிறு

அம்மாவைக் கெஞ்சி மிஷினை மாட்டிவிட்டேன். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "வண்டு போயிடுச்சுடி!" என்றாள் சந்தோஷமாக. மின்விசிறிச் சத்தம் கேட்கிறதாம், தெருவில் போகிற வண்டி கேட்கிறதாம்.

கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "கீழ ஏன்டி பேச்சுச் சத்தமே இல்ல? அவன் எங்க?"

வீட்டைக் காலி செய்துகொண்டு வெள்ளிக்கிழமையே போய்விட்டார்கள் என்று சொல்ல வேண்டும். இப்போது மெதுவாகச் சொன்னாலே அவளுக்குக் கேட்கும்.