கருவிலிருந்த வருஷம்

சித்தேரி மலையடிவாரம், 20-11-1938
(வெகுதானிய வருஷம், கார்த்திகை 5)

தாயாரவர்களுக்கு, கோர்ட்டு குமாஸ்தாவாகிய தங்கள் மகன் சபாபதி பணிந்து எழுதுவது. என் நலத்தைத் தெரிவித்துத் தங்கள் ஆசியைக் கோரவே இக்கடிதம். முழங்கால் வலி தணிந்ததா? இங்கே இன்னும் குளிர் அதிகமில்லை.

சென்ற வாரம் சந்தன மரம் வெட்டியதாகப் பொன்னன் என்ற மலைப் பையன்மேல் வழக்கு வந்தது. பதினாறு நிரம்பாதவனைச் சிறைக்கு அனுப்பலாகாது. அவன் தாய் கருப்பியிடம் வயதைக் கேட்டோம். "பதினேழுங்க சாமி" என்றாள். ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது.

வெளியே அவளிடம் கணக்கை விசாரித்தேன். "நடக்கறது பதினாறுங்க. வவுத்துல இருந்தது ஒன்னு. அப்பவும் உசுருதானுங்களே, அத வுட்டுட முடியுமா?" என்றாள்.

ஆக, நிரம்பியது பதினைந்தே. தையில் பிறந்தவனாம்; வரும் தையில்தான் பதினாறு நிரம்பும். மாஜிஸ்திரேட்டிடம் சொன்னேன். "பெத்தவளே சொல்லியாச்சு, உமக்கென்னய்யா?" என்று சிரித்தார். மலையில் பிறப்புப் பதிவு கிடையாது.

தாங்களும் கருவிலிருந்த வருஷத்தைச் சேர்த்து எனக்கு ஐம்பத்தொன்று என்பீர்கள். சர்க்கார் ஐம்பது என்கிறது. எனக்கு ஜாதகமாவது இருக்கிறது.

கருப்பி கோர்ட்டு வாசலை விட்டு நகரவில்லை. "அந்த வவுத்து வருசத்த நான் வுட்டுக்குடுத்துடறேனுங்க சாமி, எம் பையன வுடச் சொல்லுங்க" என்கிறாள்.

கம்பளி ஒன்றும் கொஞ்சம் சுண்டைக்காய் வற்றலும் அனுப்புங்கள். விலாசத்தைத் தங்கள் கையாலேயே எழுதுங்கள்; அந்த எழுத்தைக் காண ஆசை.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது. குமாஸ்தா கட்சிக்காரருக்கு மனு எழுதக் கூடாதென்பது விதி. அப்பீல் விசாரணைக்கு வருமுன் தை பிறந்து, பையனுக்குப் பதினாறு நிரம்பிவிடும் என்பதும் அறிவேன். இருந்தும் இன்று அவளுக்கான அப்பீல் மனுவை நானே எழுதப் போகிறேன்.

சபாபதி