வியாழக்கிழமைப் பாடு

ஐப்பசி 10, திங்கள்

காலையிலேர்ந்து தூறல். ஐஸ் பெட்டி கழுவணும். நண்டு ரெண்டு கூடை, எறா சுத்தமா இல்ல. வியாழக்கிழமை எங்க பாடு. ஊர்ல சீட்டு எடுத்து ஆளாளுக்கு நாள் பிரிச்சதுல ஏரியில நல்ல எடம் எங்களுக்கு விழுந்திருக்கு. அன்னைக்கு அங்க நாங்க மட்டுந்தான் வலை போடலாம். இதை விட்டா அடுத்த மொறை எப்பவோ. வீட்டுக்காரர் (இனிமே வீ.கா.) வலையைத் தடவித் தடவிப் பார்க்கிறார். என்னைக்கூட அப்படிப் பார்த்ததில்ல.

என் மீன் கடை வாட்ஸப்ல ஏஐ வெச்சு ஒரு மாசம். எழுதிக் கேட்டாலும் பேசிக் கேட்டாலும் கஸ்டமருக்கு அதுவே பதில் சொல்லுது. "யார் இன்னா கேட்டாலும் இல்லைன்னு சொல்லாத"ன்னு நான்தான் எழுதி வெச்சேன். எறா என்னைக்கு வரும்னு சொல்லட்டும்னு ஊர்ப் பாடு பட்டியலையும் ஏத்திவிட்டேன். கெட்டிக்காரிதான் நானு.

ஐப்பசி 11, செவ்வாய்

வெயில். ஆரம்பாக்கத்துலேர்ந்து நம்ம கஸ்டமர் ஒருத்தர், ரெண்டு நாள் முன்னாடியே வந்து நிக்கிறார். அவரும் வலைக்காரர்தான். படகுல வலை கட்டுற கம்பு, வலை, ரெண்டு ஆளு. கையில பிரிண்ட் அவுட். விளையாட்டா கேட்டாராம்: "உங்க ஊர் பாட்டுல நான் வலை போடலாமா?"

நம்ம ஏஐ: "நிச்சயமாக ஐயா! வியாழக்கிழமை உங்களுக்காக ஒதுக்கப்பட்டது. வலையுடன் வாருங்கள்!"

அடப்பாவி. "நான் சொல்லல, மெஷின் சொல்லுச்சு"ன்னேன். "மெஷின் யாருதும்மா?"ன்னார்.

சாயங்காலம் ஊர்க்கூட்டம். "அதையே கேப்போம்"னு தலைவர் என் போனைப் பாய் நடுவுல வெக்கச் சொன்னார். குனிஞ்சு கேட்டார்: "ஏம்மா, எங்க பாட்டை வெளியூருக்குக் குடுக்க நீ யாரு?"

அது: "சிரமத்துக்கு வருந்துகிறோம் ஐயா! ஈடாக, அடுத்த பாடும் உங்களுக்கே!"

ஆரம்பாக்கத்தார் தனக்குத்தான்னு கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த பாடு எதிர்வீட்டுச் செல்லம்மாவோடது. அவ எழுந்து முந்தானையைச் சொருகினா. நான் பாய்ஞ்சு போனை அணைச்சேன்.

தலைவர் தீர்ப்பு: "வெளியூருக்குப் பாடு குடுக்கிற வழக்கம் இல்ல. ஆனா நம்ம ஊர்ல சொன்ன சொல்லு மாறுற வழக்கமும் இல்ல. கடை உன்னுது, சொன்னது நீதான். உங்க வியாழக்கிழமையைக் குடு. செல்லம்மா பாட்டுல கை வெக்காத."

வீ.கா. எழுந்து போயிட்டார்.

ஐப்பசி 12, புதன்

மழை. பொன்னேரி வக்கீல் ஆபீஸ். குடை மறந்துட்டேன்.

"கடைல ஆள் வெச்சா, அவன் குடுத்த வாக்குக்கு யாரும்மா பொறுப்பு?"
"நான்."
"இதுக்கும் அதேதான்."

ஏஐ கம்பெனி மேல கேஸ் போடலாமான்னேன். அவங்க ஒப்பந்தத்தைப் படிச்சுக் காட்டினார். பதில்களுக்குப் பயன்படுத்துறவரே பொறுப்பு. கீழே "ஒத்துக்கிறேன்"னு அமுக்கினது என் கட்டைவிரல். படிச்சியான்னா? எவ படிக்கிறா!

வக்கீல் சொன்னது:
பேசறது மெஷின்னு மொதல்லயே சொல்லணும்.
வாக்கு குடுக்கிற பதில் எதுவும் நான் பார்க்காம போகக் கூடாது.
ஊர்ப் பட்டியலை எடுக்கணும், அது என் சொத்தில்ல.
கெரசின் (இது வக்கீல் சொல்லல. வாங்கணும்.)

திருப்பாலைவனம் தாண்டுறதுக்குள்ள பஸ்லயே எல்லாம் மாத்திட்டேன். வீட்டுல வீ.கா. சாப்பிடல. திட்டினாக்கூட தேவலை. வலையை மடிச்சு மூலையில போட்டிருந்தார், அதைப் பார்க்கவே முடியல.

ஐப்பசி 13, வியாழன்

மேகம், மழை இல்ல. ஆரம்பாக்கத்தாருக்கு நம்ம தண்ணி தெரியல. கம்பை எங்கெங்கயோ நட்டு, இடுப்பளவு சேத்துல தவிக்கிறார். ஊரே கரையில நின்னு சிரிப்பு. நல்லா வேணும்னு நானும் சிரிச்சேன்.

வீ.கா. லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்கிட்டார்.

"யோவ், எங்க போற?"
"குடுத்த வாக்கை சேத்துல வுட்டுட்டு நிக்கச் சொல்றியா?"

எங்க நடணும்னு காட்டி, கூடவே நின்னு வலையும் இழுத்தார். எல்லாம் கொழுத்த எறா. கரையில ஒருத்தரும் சிரிக்கல.

மதியம் வீ.கா. வீட்டுக்கு வந்தார். கையில சின்னக் கூடை, அரைக் கூடை எறா.

"இன்னாய்யா இது?"
"கூலி. என் பாட்டுல எனக்கே கூலி."

சொல்லிட்டு அவரே சிரிச்சுட்டார். நானும் சிரிச்சேன், சிரிக்கும்போதே அழுகை வந்துருச்சு.

"ஏம்மே, இன்னாத்துக்கு அழுவுற? எறாவை உரி. பசிக்குது."