தெரிந்த ஒருவர்

வெள்ளவத்தை மண்டபத்துத் தரைக்கு இன்று புதிதாக மெழுகு பூசியிருந்தார்கள். போன மாதம் உம்முடைய செத்தவீட்டில் வராத அழுகை, அந்த வாசத்துக்கு வாசலிலேயே வந்துவிட்டது.

வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலத்திலும் இதே மண்டபம், இதே வாசம். மனநோய்க்குத் தலையில் கரண்ட் கொடுக்கும் புது வைத்தியத்தைப் பற்றி ஒரு டாக்டர் இங்கிலீசில் விளக்க, நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். "கரண்ட் பிடிச்சா மூளை எரிஞ்சு போகாதோ?" என்று ஒரு மனுஷி கேட்டார். "இதுவும் காய்ச்சல் போல ஒரு வருத்தம்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று டாக்டரைவிடச் சத்தமாகச் சொன்னேன். முன்வரிசையில் அம்மாவும் தங்கச்சியும். பின்னால் நீர், என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்த சிநேகிதர், கொட்டாஞ்சேனை அறையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தீர். தங்கச்சிக்கும் உமக்கும் கலியாணம் பேசி, சாதகங்கள் கைமாறியிருந்தன.

நீர் எழும்பி இங்கிலீசில் பேசினீர். அந்த வைத்தியம் உமக்கே ஆறு தரம் நடந்ததாம். பல்லுக்கிடையில் ரப்பரைக் கடிக்க வைத்தார்களாம். குடியிருந்த தெருவின் பெயர்கூடச் சில நாள் மறந்திருந்ததாம். ஆனால் சாக வேண்டும் என்ற எண்ணம் விட்டுப் போனதாம்.

ஐந்து வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம், எனக்குத் தெரியாது. இங்கிலீசு விளங்காத அம்மாவும் தங்கச்சியும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இவருக்குத் தெரிந்த ஒருவருக்கு இந்த வைத்தியம் நடந்ததாம்" என்று சொல்லிவிட்டேன்.

நீர் என்னைத் திருத்தவில்லை; ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டீர்.

மறுநாள் பின்னேரம் வந்து, "பொருத்தம் சரியில்லையாம், அம்மா" என்று சாதகத்தை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தீர். வாசல் படலையடியில் என்னிடம்தான் உண்மையைச் சொன்னீர்.

"ஐசே, என்ர வருத்தத்துக்கு நான் வெட்கப்படேல்லை. நீர் வெட்கப்பட்டீர். இந்த வீட்டுக்கு நான் எப்பிடி மருமகனா வாறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. காப்பாற்றினவனிடமே சீறுகிறீர், நன்றி கெட்ட மனுஷன் என்று நினைத்தேன். என்ன மடையன் நான்.

இன்றும் மொழிபெயர்க்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பெண் எழும்பித் தனக்கு நடந்த அதே வைத்தியத்தைச் சொன்னாள். ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும், தலை நரைத்த பிறகும் தனியாகவே இருக்கும் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் தையலை மடியில் வைத்தாள்.

"அவருக்குக் கரண்ட் குடுத்தது எனக்கு முதலே தெரியும், அண்ணை. கடிதம் எழுதினவர். எனக்கு அது பெரிய விசயமில்லை எண்டு எழுதினனான். கூட்டத்தில சொல்லுங்கோ, அண்ணை தமிழில சொன்னா அம்மா ஏற்றுக்கொள்ளுவா எண்டு நான்தான் எழுதினனான்."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"நீங்கள் சொன்னதைக் கேட்டு, அவர்தான் பயந்து மாத்திச் சொன்னார் எண்டு நினைச்சன். இவ்வளவு காலமும் அவரைக் கோழை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன்."

கோழை நான்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உம்மிடம் சொல்ல நீர் இல்லை.