என் துப்பாக்கிக்கு அளவெடுத்த தோட்டா

ஏப்ரல் 6, 2019, சனி

காலையிலிருந்து கராஜில்தான். இருநூற்று நாற்பது தோட்டா முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் வெடிமருந்தைத் தராசில் நிறுத்துத்தான் போட்டேன். கிளப்பில் மற்ற ஆட்கள் கடையில் பெட்டி பெட்டியாக வாங்கிச் சுடுகிறார்கள். குண்டு திசைக்கு ஒன்றாகப் போனதும் காற்றைத் திட்டுகிறார்கள். விஸ்கான்சின் காற்று பாவம், இவர்களிடம் மாட்டிக்கொண்டு.

பெவ் கதவில் நின்று பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஊசி போடுகிற டாக்டர்கூட இவ்வளவு நேரம் மருந்தைப் பார்க்க மாட்டான் என்றாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருடம். இன்னும் புரியவில்லை.

கிளப்பில் என்னோடு சுடுகிற கேரி வந்து பக்கத்தில் உட்கார்ந்து டோனட் தின்றான். அவனுக்கு மறுபடி விளக்கினேன். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு அந்தந்தத் துப்பாக்கியின் உள்ளளவுக்கு விரிந்து வெளியே வரும். அதைத் திரும்பப் பயன்படுத்த, டை என்கிற எஃகு அச்சில் விட்டு அழுத்திக் குறுக்க வேண்டும். எவ்வளவு குறைவாகக் குறுக்குகிறோமோ அவ்வளவு ஒழுங்காக அடுத்த குண்டு போகும். இருபது வருடமாகச் சொல்கிறேன். சட்டையில் சிந்திய சர்க்கரையைத் தட்டிவிட்டு "அப்படியா" என்றான்.

இதுவரை டையை முழுக்க இறக்கி வைத்திருந்தேன். யாருடைய துப்பாக்கிக்கும் பொருந்துகிற சோம்பேறி அளவு அது. இந்த வருடம் என் துப்பாக்கி கக்கிய கூட்டை அளந்து, அதிலிருந்து ஒரு முடி அளவு மட்டும் குறைத்தேன். நூறு கஜத்தில் ஐந்து குண்டும் ஒரு காசு அகலத்துக்குள். தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்கிற துப்பாக்கியில் இதற்கு மேல் யார் கேட்பது?

வெண்டலிடம் சொன்னேன். டீம் கேப்டன் என்றால் சந்தோஷப்பட வேண்டாமா? ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றிச் சுடுகிறவர்கள் செய்கிற வேலை அது, நமக்கு ஆகாது என்றான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தொப்பி போடவும் விசில் ஊதவும்தான்.

இந்த வருட டீம் தோட்டா எழுநூறும் இந்த அளவில்தான். நான்கு பேரும் ஒரே தோட்டா சுட்டால்தான் வெண்டல் காற்றைக் கணித்துச் சொல்ல முடியும். பதினொரு வருடமாக டீமுக்குத் தோட்டா செய்கிறவன் நான். கொடுத்துவைத்தவர்கள்.

ஏப்ரல் 9

மழை. கூடுகளின் அடியில் மருந்தைப் பற்றவைக்கிற ப்ரைமர் பதித்தேன். கேரி வரவில்லை. நல்ல நாள்.

ஏப்ரல் 27, சனி

ஆகஸ்டில் ஏரிக்கரையில் தேசியப் போட்டி. டீமில் நான் உறுதி, லிண்ட்ஸ்ட்ராம் சகோதரர்கள் இருவர் உறுதி. நான்காவது இடத்துக்கு இரண்டு பேர். ஒருவன் கேரி. இன்னொருத்தி ரோண்டா க்ரூகர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். சுட ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. காதில் ரோஸ் நிற அடைப்பான். துப்பாக்கிக்குப் போன மாதம்தான் புதுக் குழல் போட்டாளாம், ஏதோ பெரிய துப்பாக்கிக் கொல்லன் போட்டது என்று பெருமை வேறு.

அவளுக்கும் தோட்டாப் பெட்டியைக் கொடுத்தேன். முதலில் ஒன்றை அவள் துப்பாக்கியில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். பதினொரு வருடமாக யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றேன். முகம் சிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். தோட்டா சோதிக்க வந்துவிட்டாள், பஸ் டயரைத் தட்டிப் பார்க்கிற மாதிரி.

மே 11, சனி

தேர்வுச் சுற்று.

அறுபது வினாடியில் பத்து குண்டு. ரோண்டா மூன்று சுட்டாள். நான்காவது உள்ளே பாதியில் நின்றது. தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்ட் மூடவில்லை. உள்ளங்கையால் அடித்தாள், இழுத்தாள், மறுபடி அடித்தாள். விசில். ஏழு தோட்டா மிச்சம். டீம் தோட்டாவில் சுட்டால் மறுவாய்ப்பு கிடையாது, அது வெண்டலின் சட்டம். நான்காவது இடம் கேரிக்கு. டோனட் ஜெயித்தது.

நான்கு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் பழகினாளாம். கணவன் லாரி ஓட்டுகிறவன், அவனும் ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் பார்க்க வந்திருந்தான். அவள் படுத்துச் சுட்ட பாயைச் சுருட்டினான்.

வெண்டல் என்ன ஆச்சு என்றான். புதுசுகள் செய்கிற தப்புதான் என்றேன். போல்ட்டைப் பட்டென்று விடாமல் கையோடு மெல்ல இறக்கினால் மூடாது. பார்த்தாயா என்றான். பார்த்தேன் என்றேன்.

பார்த்தேனா? நான் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு இடம் தள்ளி. பார்த்த மாதிரிதான். வேறு என்னவாக இருக்கும்?

மே 12

மிஞ்சிய ஏழையும் சாண்ட்விச் பையில் போட்டு வெண்டல் கொடுத்திருந்தான். ரேஞ்சுக்குப் போய் ஏழையும் என் துப்பாக்கியில் போட்டேன். வெண்ணெய் மாதிரி நுழைந்தன. ஏழும் பத்துப் புள்ளி வட்டத்துக்குள் போயின. வெண்டலுக்குப் போன் போட்டு, தோட்டா தங்கம், கைதான் கோளாறு என்றேன். அதை அவளிடம் சொல்லிவிடுகிறேன் என்றான். சொல்லட்டும். கற்றுக்கொள்வாள்.

மே 13

கேரி தொப்பி வாங்கியிருக்கிறான். டீம் தொப்பியாம்.

ஜூன் 8, சனி

பயிற்சி. நீல்ஸ் லிண்ட்ஸ்ட்ராமுக்கு நின்றது. சின்னவன். மாநிலப் பதக்கம் மூன்று. ஐந்தாவது தோட்டா, பாதியில். அவனும் இந்த வசந்தத்தில் குழல் மாற்றியவன்.

"என்ன எல்டன் இது?" என்று என் கையில் வைத்தான்.

அவனைப் புதுசு என்று சொல்ல முடியாது. கையோடு இறக்கினான் என்றும் சொல்ல முடியாது, இந்தத் தடவை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். தேர்வு அன்று ஒவ்வொருவர் சுட்ட கூட்டையும் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வைப்பது என் வழக்கம். ரோண்டா பையில் மூன்றே மூன்று. ஒரு மாதமாகத் திறக்கவில்லை. வெர்னியர் அளவுகோலில் வைத்தேன். மூன்றும் என் தோட்டாவைவிடக் குட்டை. மறுபடி வைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி.

அவள் குழல் இறுக்கம். என்னுடையது பதினைந்து வருடத் தேய்மானம், தளர்ச்சி. என் துப்பாக்கிக்கு அளவெடுத்த சட்டையை எழுநூறு தைத்து எல்லாருக்கும் மாட்டிவிட்டிருக்கிறேன். முதல் மூன்றும் போல்ட் அடித்த வேகத்தில் எப்படியோ நுழைந்திருக்கின்றன. நாலாவது நுழையல. அவ்வளவுதான். அவ கைல ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லடா எல்டன்.

ஜூன் 9

நீல்ஸிடம் டை திருகு தளர்ந்திருந்தது என்று சொல்லிவிட்டேன். சரி என்றான், நல்லவன், அதாவது மந்தம். மிச்சமிருந்த தோட்டாவை எல்லாம் பிரித்துப் பழைய அளவில் மறுபடி செய்கிறேன்.

ரோண்டா விஷயம் வேறு. எப்படியும் அவள் தேறியிருக்க மாட்டாள். இரண்டு வருடம் சுட்டவள். காற்று மாறினால் கண்ணைச் சிமிட்டுகிறாள். கேரியாவது தூங்கிவிட்டாலும் பதற்றப்பட மாட்டான். இப்போது கிளறி யாருக்கு என்ன லாபம்?

ஜூன் 11

பிரித்தேன். எழுபது.

ஜூன் 14, வெள்ளி

பெவ்வோடு மீன் சாப்பிடப் போனேன். ரோண்டா பாரிலிருந்து எழுந்து நேராக எங்கள் மேசைக்கு வந்தாள். இரண்டு விரலில் பேண்டேஜ். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன், நினைத்தபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"வெண்டல் சொன்னாரு எல்டன். நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கும். பயத்துல கையோட எறக்கிருப்பேன். எனக்கே தெரியாம."

தினமும் இருநூறு தடவை வெறும் துப்பாக்கியில் போல்ட்டை இழுத்து விட்டுப் பழகுகிறாளாம். அதில்தான் விரல் கிழிந்தது. காற்றில் இழுத்து விட்டுக் காட்டினாள், சரியா என்று கேட்டாள். பக்கத்து மேசைக்காரன் சிரித்தான்.

நான் என்ன சொன்னேன்? "தேவலை" என்றேன். ஆசிரியர் மாதிரி. தலையை வேறு ஆட்டினேன். இந்த ஊரில் இளப்பமான ஆட்கள் என்று நான் வைத்திருக்கிற பட்டியலில் கேரிகூட இப்படி ஒன்று செய்திருக்க மாட்டான். அவனுக்கு அதற்கு மூளை போதாது. எனக்குத்தான் போதும்.

ஜூன் 15

மீன் ஒத்துக்கொள்ளவில்லையா என்று பெவ் கேட்டாள். மீன் நன்றாகத்தான் இருந்தது என்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

வெண்டல் வீட்டுக்குப் போனேன். புல் வெட்டிக்கொண்டிருந்தான். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, அளவு, டை, கூடு எல்லாவற்றையும் சொன்னேன். நீண்ட நேரம் பேசினேன். குழல் தேய்மானத்தைப் பற்றியெல்லாம். அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"எட்டாந்தேதி."

"இன்னிக்குப் பதினெட்டு." தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்தான். "அளவு தப்பினதுக்கு உன்ன டீம்லேர்ந்து எடுக்க மாட்டேன் எல்டன். அது யாருக்கும் தப்பும். இந்தப் பத்து நாளுக்கு எடுக்கறேன்."

கேரியை வைத்துக்கொண்டு என்னை எடுக்கிறான். என் இடம் ரோண்டாவுக்கு. என் தோட்டாவை இனி டீமில் யாரும் சுடப்போவதில்லை, கடையில் வாங்கிக்கொள்வார்களாம். எதிர்த்துப் பேச நிறைய இருந்தது. அவளிடம் நீயே போய்ச் சொல்லு என்று மெஷினைக் கிளப்பினான்.

ஜூன் 19

பஸ் டிப்போ. பள்ளி விடுமுறை, பஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். இந்தத் தடவை தேய்மானம் எல்லாம் சொல்லவில்லை. என் தோட்டா உன் துப்பாக்கிக்குப் பெரிது, உன் கை சரி, எனக்கு முன்னமே தெரியும், வெள்ளிக்கிழமை மேசையில் உட்கார்ந்திருந்தபோதும் தெரியும்.

குழாயை மூடினாள். விரலைப் பார்த்துக்கொண்டாள். பிறகு பஸ்ஸில் ஏறி, சீட்டில் உட்கார்ந்து, கதவை மூடினாள். மடிப்புக் கதவு, புஸ் என்று மூடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் இந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

பெவ் போனில் பார்த்து வாசித்தாள். நம் டீம் முப்பத்தோராம் இடம். கடைத் தோட்டாவில் வேறு என்ன வரும்? ரோண்டா எடுத்த புள்ளியைவிட நான் பதினான்கு கூட எடுத்திருப்பேன். தற்பெருமை இல்லை, பதினொரு வருட ஸ்கோர் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அறுநூறு கஜத்தில் சொதப்பியிருக்கிறாள், காற்று மாறியதைக் கவனித்திருக்க மாட்டாள்.

வேகச் சுற்றில் எத்தனை என்று கேட்டேன். பத்தும் சுட்டிருக்கிறாள். தொண்ணூற்றேழு.

அது நல்ல புள்ளி. கடைத் தோட்டாவுக்கு.

ஆகஸ்ட் 20

கராஜைக் கூட்டினேன்.

அக்டோபர் 12, சனி

மதியம் ஒரு வேன் வந்து நின்றது. ரோண்டா. ஜூனுக்குப் பிறகு இன்றுதான் நேருக்கு நேர். பெவ் காப்பி குடிக்கிறாயா என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கராஜுக்கு வந்தாள். கையில் துணிப்பை, உள்ளே சின்னச் சின்னப் பைகள், ஒவ்வொன்றிலும் பெயர்.

"அடுத்த வருஷ டீம் தோட்டா நான்தான் செய்யறேன். நீல்ஸோட தோட்டா பிரஸ்ல. தேர்வுச் சுத்துக்கு வர்ற எல்லார்கிட்டயும் மூணு மூணு கூடு வாங்கிட்டேன். நீங்க வர்றதா இருந்தா உங்களுதும் வேணும்."

வருவதாக நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அலமாரியிலிருந்து மூன்று எடுத்துக் கொடுத்தேன். உங்க துப்பாக்கியில சுட்டதுதானே என்றாள். ஆமாம் என்றேன். அந்த ஆமாமை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. தன் வெர்னியரை எடுத்து, என் மேசையிலேயே, என் விளக்கிலேயே மூன்றையும் அளந்தாள். மலிவு வெர்னியர். பிடிக்கிற விதமும் சரியில்லை, கட்டைவிரலை இன்னும் பின்னால் வைக்க வேண்டும். மூன்றையும் இரண்டு தடவை அளந்து எழுதினாள். என் கணக்கும் அதேதான் வந்திருக்கும்.

"எல்லாத்துலயும் உங்களுதுதான் பெருசு," என்றாள். "இருக்கறதுல சின்னதுக்குத்தான் அளவு வைப்பேன். உங்க துப்பாக்கில குண்டு கொஞ்சம் சிதறும். பரவால்லயா?"

ஒரு காசுக்குள் போனது இனி இரண்டு காசுக்குப் போகும். அதைத் தவிர்க்க மூன்று வழி எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது.

பரவாயில்லை என்றேன். பையில் என் பெயரை எழுதி மற்றவற்றோடு போட்டுக்கொண்டு போனாள்.