மூன்றாவது வரிசை

ஞாயிறு இரவு, மூவார்

இன்று அம்மாவை மாதா கோயிலில், அவர் எப்போதும் உட்காரும் மூன்றாவது வரிசைக்கு இழுத்துப்போனேன்.

கன்னத்துப் புற்றுநோய் வெளியே புண்ணாக உடைந்ததிலிருந்து, அதன் வாடைக்குக் கூசிக் கோயிலுக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். என்னைக்கூடப் பக்கத்தில் படுக்க விடவில்லை.

போன வாரம் வீட்டுக்கு வந்த நர்ஸ், "கட்டி இனிமே கரையாது. ஆனா வாடைய கொறைக்கலாம்," என்று சொல்லி, மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தார். வாடை போய்விட்டது என்றேன். மகள் அப்படித்தான் சொல்வாள் என்று அம்மா நம்பவில்லை.

பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் அம்மாவின் தோழி ரோஸி ஆன்ட்டி வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தார். அம்மா விறைத்துப்போனார். ஆன்ட்டி ஆழமாக மூச்சிழுத்தார்.

"என்னக்கா, வீட்டுல பிரியாணியா? மசாலா வாசம் தூக்குது."

"உன் மூக்கு கோயில்லயும் சோத்தத்தான் தேடும்லா." அம்மா குழறியபடி பாதி வாயால் சிரித்தார். "வா, சாப்பிட்டுப் போ."

அம்மாவுக்குக் கஞ்சிதான். ஆனாலும் வீட்டில் ஆன்ட்டி இரண்டு தட்டு பிரியாணி சாப்பிடும்வரை அம்மா அவரை ஒட்டி உட்கார்ந்து கதை பேசினார். எத்தனை மாதமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு.

அடுத்த மாதத்தைப் பற்றி இன்று எழுத வேண்டாம்.

அறையிலிருந்து அம்மா கூப்பிடுகிறார்: "எழுதுனது போதும்லா. தலகாணிய எடுத்துக்கிட்டு இங்க வா."