வேலியில் நாங்கள் வைத்த கொடி

அன்புள்ள பூச்சிக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அவளுடைய இடது முட்டியைத் தவிர. டாக்டர் கொடுத்த களிம்பு கேட்கிறது, தடவத்தான் அவளுக்கு உடம்பு வளையவில்லை. நீ நலமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. இந்தக் கடிதம் உனக்கு நன்றி சொல்ல. போனில் சொன்னால் நடுவில் சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன்.

நீ படிக்கப் போன பிறகு நான் வேலை பார்க்கும் பம்ப் நிலையத்து வேலியில் அந்தப் பெரிய பூக்கொடியை வைத்தது நானும் அம்மாவும்தான். உன்னுடைய மஞ்சள் சிறகு வண்ணத்துப்பூச்சி இந்தத் தீவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை, அதன் புழு ஒரே ஒரு காட்டுக்கொடியின் இலையைத்தான் தின்னும், அந்தக் கொடியை வெட்டி வெட்டியே பூச்சியும் அருகிப்போச்சு என்று நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. நர்சரிக்காரர், இதுவும் அதே குடும்பம்தான் சார், பூ இன்னும் பெரிசா இருக்கும் என்றார். வாங்கி வைத்தோம். லீவுக்கு வரும்போது நீ வாயைப் பிளக்க வேண்டும் என்று திட்டம். வண்ணத்துப்பூச்சி வந்தது, முட்டையும் போட்டது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை, தெருவில் ஏழு வீட்டுக்குக் கிளை வெட்டிக் கொடுத்தாள். நான் போட்டோ எடுத்துப் பெருமையாக அனுப்பினேன். நீ ஒரே வரி அனுப்பினாய், எத்தனை முட்டை பொரியுது, பொரிஞ்ச புழு எத்தனை நாள் இருக்குன்னு மட்டும் எண்ணிச் சொல்லுங்க சித்தப்பா என்று.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஒரு சபாஷ் கூடவா இல்லை என்று நினைத்துக்கொண்டே பம்ப் ரீடிங் நோட்டின் பின்பக்கத்தில் காலை மாலை எழுதிவந்தேன். முட்டை இருபத்து மூன்று, பொரிந்தது இருபது, மூன்றாம் நாள் பதினொன்று, ஐந்தாம் நாள் பூஜ்யம். எறும்பு இல்லை, மழை இல்லை, மருந்தும் அடிக்கவில்லை. ஒவ்வொரு காரணமாகத் தள்ளிப் பார்த்தேன், கடைசியில் மிஞ்சியது இலைதான். தாய்க்கு வாசனை சரியாக இருக்கிறது, குஞ்சுக்கு அது விஷம். மோட்டாரை ஓடவிட்டு வேலியோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன்னைச் சந்தோஷப்படுத்த வைத்தது உன் பூச்சிக்கே வைத்த பொறியாகிவிட்டது. முதல் நாளே பிடுங்கச் சொல்லியிருந்தால் உன்னோடு மல்லுக்கு நின்றிருப்பேன். இவனுக்கு மீட்டர் காட்டினால்தான் மண்டையில் ஏறும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. நாலு வருடம் முன்பு, உன்னைவிடப் பன்னிரண்டே வயது மூத்த நான் உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது முகம் கொடுத்தே பேசாதவள் நீ. என்னை எப்போது இவ்வளவு கவனித்தாய்?

அடுத்து வந்த முட்டை ஒன்பது. இலையோடு வெட்டி, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் கேட்பாரற்றுக் கிடந்த நீ சொன்ன நிஜக் காட்டுக்கொடியில், துணி காயப்போடும் கிளிப்பால் மாட்டிவைத்தேன். வேலியில் வைத்ததை வேரோடு பிடுங்கினோம், அப்புறம் தெருவில் கொடுத்ததையும் வெட்ட அம்மா அரிவாளை எடுத்தாள். ஆறு வீட்டில் முனகிக்கொண்டே விட்டார்கள், தையல்காரர் மட்டும், கட்டிக்கொடுத்த பொண்ணைத் திரும்பக் கூட்டிட்டுப் போக வந்த மாதிரி நிக்கிறீங்களே அக்கா என்றார். ஏழாவது வீட்டு நர்ஸ் அசையவில்லை. பூக்கிற கொடியை எவனாவது பிடுங்குவானா, உங்க வீட்டுக்காரரை பம்ப்பை மட்டும் பார்க்கச் சொல்லுங்க என்று கதவைச் சாத்திவிட்டார். ஒரு வீட்டுக் கொடி போதும் மொத்த முட்டையையும் இழுக்க, எனக்குத் தூக்கம் போச்சு. மூன்றாம் நாள் அவரே வேரோடு சாக்கில் கட்டிக்கொண்டு வந்து, உனக்கு எழுதிக் கேட்டதாகச் சொல்லி, உன் பதிலைப் போனில் காட்டினார். எங்க அப்பா எண்ணினா தப்பாது அக்கா, பிடுங்கிடுங்க என்று இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்து, சாக்கை ஓரமா வைங்க சிஸ்டர் என்றேன்.

ஒன்பதில் ஐந்து கூட்டுப்புழுவாச்சு. முதலாவது இன்று காலை வெளியே வந்தது. அம்மா போன் போட்டாள், கையில் இருந்த ஸ்பேனரோடு ஓடினேன். சிறகு உலர இரண்டு மணி நேரம், அவள் முட்டியை மறந்து நின்றபடியே இருந்தாள். பறந்ததும் அது நேரே பம்ப் நிலையத்து வேலிக்குப் போனது, நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே வெறும் கம்பிதான். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

நோட்டுப் பக்கங்களை இதோடு வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே, நகல் இல்லை. வேர்த்துண்டு மண்ணில் இருந்தால் மறுபடி துளிர்க்குமாம், அதனால் ஞாயிறுதோறும் ஏழு வீட்டையும் சுற்றிப் பார்க்கிறேன், இப்போது நர்ஸ் காபி கொடுக்கிறார். நீ நினைத்ததெல்லாம் கைகூடி நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள், எனக்கும் அதேதான். லீவு தேதியைச் சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
மீதி நாலு கூட்டையும் காலை மாலை எண்ணிக்கொண்டிருக்கும்
உன் அப்பா