ஐந்தாவது இலை

இல்லை, என் அருமை அக்கா. ஒரு வேளைகூட உன் பெண்களின் வயிறு வாடவில்லை. அதைத்தான் நீ முதலில் கேட்பாய். பட்டணம் எப்படி, பொருட்காட்சி எப்படி என்பதெல்லாம் உனக்கு அப்புறம்தான்.

போன வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்குப் பொருட்காட்சி பார்க்கக் கூட்டிப்போவதாக நீ அவர்களிடம் சொல்லியிருந்தாய். கார்த்திகையில் காய்ச்சல் வந்தது. எங்களையெல்லாம் விட்டு நீ போய்விட்டாய். அதற்குப் பிறகு உன் மூத்தவள் தனம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒன்பது வயதுப் பெண் எதையுமே கேட்காமல் இருந்தால் என்னவென்று நினைப்பது?

உனக்குத் தெரியாத செய்தி ஒன்று. தனத்தை அரியலூரில் என்னோடும் அம்மாவோடும் வைத்துப் படிக்கவைக்கிறேன் என்று உன் மாமியாரிடம் போய்க் கேட்டேன். சிதம்பரத்தில் பி.ஏ. முடித்த தைரியம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொஸ்தவம் படிச்சவளுக்குப் புள்ளைக்கு எப்பப் பசிக்கும்னு தெரியுமா?"

பிறகு ஒரு பரீட்சை வைத்தார். உடையார்பாளையத்திலிருந்து இரண்டு பிள்ளைகளையும் பட்டணத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். போக வர நான்கு நாள். ரயில் செலவும் பொருட்காட்சிச் சீட்டுச் செலவும் அத்தான் பொறுப்பு. சாப்பாட்டுக்கு எட்டு ரூபாய், அதற்கு மேல் காலணா கிடையாது, யாரிடமும் கைநீட்டவும் கூடாது. பிள்ளைகள் வாடாமல் திரும்பினால் தனம் எங்களோடு வரலாம். வாடினால், அந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது.

நான் ஒரு தாளில் கட்டம் போட்டேன். அம்மா, நான், தனம், சின்னவள் பட்டு. நான்கு வயிறு. போகிற நாள் இரண்டு வேளைக்கும் வீட்டுப் புளிச்சோறு. பிறகு ஓட்டல். யுத்தத்தால் ஏறிய விலைவாசியைக்கூட விசாரித்து எழுதியிருந்தேன். அழகான தாள். அதில் அம்மாவை ஒரு வயிறாக மட்டும் எழுதியிருந்தேன். தப்பு அங்கேதான்.

விழுப்புரம் தாண்டித் தூக்குச் சட்டியைத் திறந்தோம். எதிரே லப்பைக்குடிக்காடு என்ற ஊர்ப் பெண் ஒருத்தி, மூன்று பிள்ளைகளோடு. பினாங்கிலிருந்து கப்பலில் வரும் கணவரைக் கூட்டிவரப் போகிறாள். எதிரே ஆள் இருக்கும்போது நம் வீட்டில் யார் சோற்றில் கை வைத்திருக்கிறோம்? அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அந்தப் பெண் வேண்டாம் என்றாள். அம்மா இன்னொரு முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிடவில்லை, இலையைப் போட்டுவிட்டாள். செங்கல்பட்டில் தூக்கு காலி.

"ஒங்க கைக்கு அல்லா பரக்கத்து தரட்டும்மா" என்றாள் அந்தப் பெண். என் தாளுக்கு அந்தப் பெருக்கம் கிடைக்கவில்லை. அவர்கள் கை கழுவப் போனபோது நானும் அம்மாவும் தணிந்த குரலில் சண்டை போட்டோம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எழும்பூரில் ஒரு ஓட்டல். நான்கு இலை, ஒன்றரை ரூபாய். குழந்தை இலைக்கும் பெரியவர் இலைக்கும் அங்கே ஒரே விலை. பட்டு நாலு வாய் தின்றுவிட்டு என் மடியில் சாய்ந்துவிட்டாள். தனம் பாதியில் எழுந்தாள்.

"எனக்குப் பசிக்கல சித்தி."

அவள் கண், பரிமாறுகிறவரின் சாம்பார் வாளியிலேயே இருந்தது. ரயிலில் போட்ட சண்டை அவள் காதில் விழுந்திருக்கிறது. பசியைக் குறைத்துச் சொல்ல அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது? நான்தானா, அக்கா?

மறுநாள் காலை, சத்திரத்தில், இனி யாரையும் சாப்பிடக் கூப்பிட வேண்டாம் என்று அம்மாவைக் கெஞ்சினேன். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. "கூப்புடாம எப்புடிடி திங்கறது? தொண்டையில எறங்குமா?" என்றாள்.

அம்மாவை மாற்ற முடியாது. தாளை மாற்றலாம். நான்கை அடித்து ஐந்து என்று எழுதினேன். ஐந்தாவது, யாரோ.

காசு குறைந்திருக்கிறது. வயிறு கூடியிருக்கிறது. இதற்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் வழி இல்லை. தெருத் தெருவாக நடந்தேன். சத்திரத்துக்குப் பின்தெருவில் ஒரு மெஸ். எடுப்புச் சாப்பாடு எட்டணா. அடுக்குப் பாத்திரம் நிறையச் சோறும் குழம்பும் ரசமும் வைத்துக் கொடுத்தனுப்புகிறார்கள். எத்தனை இலையில் போடுகிறோம் என்பதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு எடுப்பை எத்தனை பேர் சாப்பிடலாம் என்று மெஸ்காரரைக் கேட்டேன். எந்த ஊர் என்றார். அரியலூர் என்றேன்.

"அப்ப ரெண்டு பேர். மத்த ஊர்க்காரங்கன்னா மூணு பேர்."

வேளைக்கு இரண்டு எடுப்பு வாங்கினோம். அம்மா மூட்டையில் பருப்புப் பொடியும் மோர் மிளகாயும் இருந்தன. அடுக்குக்கு ஈடாக அம்மாவின் தூக்கை மெஸ்காரர் வைத்துக்கொண்டார்.

பொருட்காட்சிக்குள் ஒரு தட்டு இட்லி, வெளியில் விற்பதைப் போல மூன்று மடங்கு. சாப்பிட வெளியே போனால் திரும்ப நுழைய இன்னொரு சீட்டு. அடுக்கை வாசலில் யாரும் தடுக்கவில்லை. புல்தரையில் நான்கு இலை போட்டேன். ஐந்தாவதையும் நானே போட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள். அந்த இலைக்குத் தண்ணீர் தெளித்தாள்.

முதல் நாள் அந்த இலைக்கு ஒரு வளையல்காரி வந்தாள். அன்றும் தனம் மறுசோறு கேட்கவில்லை.

இரண்டாம் நாள் ராட்டினத்தின் அருகே உட்கார்ந்தோம். அங்கே காவலுக்கு நின்ற போலீஸ்காரரை அம்மா கூப்பிட்டாள்.

"டூட்டிம்மா" என்றார் அவர்.

"டூட்டிக்கு வயிறு கெடையாதா? ஒக்காருங்க."

தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நன்றாகச் சாப்பிட்டார். மறுசோறு கேட்டார். எனக்குக் கண்ணெல்லாம் அடுக்கின் மேல். அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"சித்தி, எனக்கும் இன்னும் கொஞ்சம்."

அடுக்கில் சோறு இருந்தது, அக்கா. வைத்தேன். மறுபடி கேட்டாள். வைத்தேன். அவள் வழித்துச் சாப்பிட்டாள், குனிந்த தலை நிமிராமல். நான் தேறிய எந்தப் பரீட்சையும் இதற்கு ஈடில்லை.

பிறகு மூவரும் ராட்டினம் ஏறினோம். அம்மா ஏறவில்லை, அடுக்கைக் காவல் காத்தாள். உச்சியில் கடல் தெரிந்தது. "அம்மாயி, இங்க பாரு" என்று தனம் கீழே பாட்டியைப் பார்த்துக் கத்தினாள். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை.

திரும்பும்போதும் ரயிலில் ஐந்தாவது இலைக்கு ஆள் கிடைத்தது. உடையார்பாளையம் வந்தபோது எட்டு ரூபாயில் ஒரு காசு மிஞ்சவில்லை. ஒரு காசு போதாமலும் போகவில்லை.

உன் மாமியார் தனத்தை எதிரே நிறுத்திக் கேட்டார். "வேளா வேளைக்குப் போட்டாளா ஒன் சித்தி?"

"எங்களுக்கு மட்டுமில்ல அப்பத்தா. ஒரு போலீஸ்காரருக்கும் போட்டுச்சு."

"எட்டு ரூவாயிலயா?"

"ரெண்டாஞ்சோறும் போட்டுச்சு."

அவர் தனத்தின் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம், பள்ளிக்கூடத்தில் சேர்க்க வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது என்றார். அவள் துணிகளைத் தாமே மடித்துக் கொடுத்தார்.

உனக்கு வாக்குத் தருகிறேன். எதுவரை படிக்க ஆசைப்படுகிறாளோ அதுவரை தனம் படிப்பாள். நேரம் வரும்போது பட்டுவும் வருவாள். இந்த வீட்டில் அவர்கள் பசியை முழுசாகச் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குப் போனோம். நடு வருஷம் என்று முனகிவிட்டுத் தலைமையாசிரியர் சேர்த்துக்கொண்டார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். கட்டிக்கொண்டு வந்த மத்தியானச் சோற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

உன் தங்கை,
தனத்துக்கும் பட்டுவுக்கும் சித்தி